அச்சேற இருந்த பழி

சில வருடங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு சிறு வாரப் பத்திரிகையில் எழுதிவந்தேன். அங்கே ஒரு டீக்கடைக்கு வந்த செல்வி என்ற அரவாணி மீது கடைக்கார பாய் வெந்நீரை ஊற்றிவிட்டாராம். பலரும் சொன்னதை நம்பி, ஆத்திரத்தில் பாயின் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் நொச்சிக்குப்பத்துக்குப் போய் செல்வியைப் பார்த்தேன். கையில் கட்டோடு இருந்தவர், நான் எழுதியதைச் சொன்னதும் பதறிப்போனார்.

“இன்னாக்கா இப்டி எழுதிக்கீறே! ஊத்துனது டீ குடிக்க வந்த ஆளு. பாய்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு. இது பொய்னு தெரிஞ்சா, என் கை வெந்ததயும் பொய்னுடுவாங்க.”

ஆட்டோ பிடித்து அச்சகத்துக்கு ஓடினேன். இயந்திரம் ஓடத் தொடங்கும் நேரம். கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன்.

மறுவாரம் பாயே நேரில் கண்டதைச் சொல்ல, திருத்தி எழுதிய கட்டுரை வந்தது. மறுக்க ஒருவரும் வரவில்லை. இப்போதெல்லாம் அடிபட்டவரையும், அடித்ததாகச் சொல்லப்படுபவரையும் நேரில் கேட்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.