பாலத்தில் நின்று ஒரு படம்

பாலம் என்றால் எங்காவது கொண்டுபோய் விட வேண்டும். இந்த மரப்பாலத்துக்கு அந்தக் கவலையே இல்லை. பண்ணையின் பழைய முதலாளி யாரோ, அந்தக் காலத்தில் குளத்துக்குக் குறுக்கே அழகுக்கென்று கட்டிப்போட்டது. அக்கரையில் புதரைத் தவிர ஒன்றுமில்லை. பார்க்க வருகிறவர்கள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவார்கள்.

படம் எடுத்துக் கொடுப்பவர் காவல்காரர். "அண்ணே, ஒரு படம்" என்று எல்லோரும் போனை அவர் கையில் திணித்துவிடுவார்கள். "என்ன தம்பி, சண்டையா? ஒட்டி நில்லுங்க" என்பார். புதுப் பெண்டாட்டி சிரித்ததும் அமுக்குவார். அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, சொல்லிக்கொள்ளும்படி ஒரு படமும் இல்லை.

தூரத்தில் இருந்த அக்காவை விட்டால் அவருக்கு யாருமில்லை. அவளுக்கோ பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "முழுசா இருட்டுறதுக்குள்ள உன் மூஞ்சிய ஒரு தரம் பாத்துக்கிறேன்டா. அந்தப் பாலத்துல நின்னு ஒண்ணு எடுத்து அனுப்பு" என்றாள். அதற்காகவே கேமரா போன் வாங்கினார். ஆனால் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் எடுப்பவருக்குத் தனக்கென்றால் அப்படி ஒரு கூச்சம். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்.

மழைக்காலத்துக்காகப் பண்ணையை மூடும் நாள் வந்தது. கடைசிப் பேருந்தில் வந்த ஜோடியைப் படம் எடுத்து, போனைத் திருப்பிக் கொடுத்து, மென்று விழுங்கி, "என்னையும் ஒண்ணு எடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டேவிட்டார்.

"அதுக்கென்ன, நில்லுங்கண்ணே."

தொப்பியைக் கழற்றினார், தலையைக் கோதினார், கைப்பிடியில் சாய்ந்தார். அந்தப் பெண் படத்தைக் காட்டினாள். ராஜா மாதிரித்தான் இருந்தார். பூரித்துப்போய் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பேருந்து மறைந்த பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அவர் போன் உள்ளேயே இருந்தது. அவள் எடுத்தது அவளுடைய போனில்! பெயர் கேட்கவில்லை, நம்பரும் கேட்கவில்லை. பாலத்துக்கு ஓடி, தானே கையை நீட்டி எடுத்துப் பார்த்தார். மூக்குதான் பெரிதாக விழுந்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போது அக்காவே கூப்பிட்டாள். "எடுத்துட்டியாடா?"

"எடுத்தாச்சுக்கா."

"இனி அனுப்ப வேணாம்டா. ரெண்டு நாளா வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, ஆள் தெரியல. நீயே சொல்லு, படத்துல எப்படி இருக்க?"

"தொப்பி இல்லக்கா. முடி நரைச்சிருக்கு. கைப்பிடில சாஞ்சு சிரிக்கிறேன்."

"பக்கத்துல யாரு நிக்கிறா?"

அவர் பாலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"யாருமில்லக்கா."