படகு ஏற்றாத கிடாய்

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு புறப்படப் போகிறது. சோளகக் காற்று பலமாக அடிக்கிறது. எனக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு கிடாயைக் கயிற்றில் பிடித்தபடி நிற்கிறாள்.

“மனிசருக்கே இடமில்லை அக்கா. மாப்பிளைக்குக் கதிரை போட ஏலாது,” என்கிறான் படகுக்காரன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“சிரியுங்கோ தம்பி. எங்கடை பட்டியிலை தாய்க்கும் மகளுக்கும் ஒரே கிடாய்தான் சோடி. பிறக்கிற குட்டியள் எழும்பி நிக்காமலே சாகுது. வெளியாலை ஒண்டு வேணுமெண்டு புங்குடுதீவு முழுக்க அலைஞ்சு வாங்கினனான்.”

“நாளைக்குக் காத்து விழுந்தால் ஏத்துறன்.”

“ஓம், நிக்கிறன். இது இல்லாமல் போகமாட்டன்.”

அவள் துறையிலேயே குந்தி, கிடாய்க்குப் பூவரசங்குழை போடுகிறாள். நான் படகில் ஏறுகிறேன். மடியில் என் அக்காவின் மகனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கான சாமான்கள் இருக்கின்றன. சாகும்வரை அவன் பாயை விட்டு எழும்பி நடந்ததில்லை. அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

காணி வெளியே போகக்கூடாதென்று அம்மாவைச் சொந்த மச்சானுக்குக் கட்டினார்கள். அக்காவையும் அப்படித்தான். எனக்கு மச்சான் மிஞ்சவில்லை.

படகு விலகுகிறது. அவள் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி இருக்கிறாள். எனக்காகக் கடல் தாண்டி ஒரு மாப்பிள்ளை தேட எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் இந்தத் துறைக்கு வரவில்லை.