பூண்டு வாங்காத வீட்டில் பூண்டு வாடை

எங்க வீட்டுல பூண்டு வாங்குறதை நிறுத்தியிருந்தோம். மார்புக் கட்டிக்கு மதுரையில மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து என் பெண்டாட்டிக்கு அந்த வாடை ஆகலை. பார்த்தாலே ஓங்கரிப்பா. ஆனா கொஞ்ச நாளா அவ வாயைத் திறந்தா பூண்டு வாடை.

"ஒளிச்சு வச்சுத் திங்கிறியா?"

"ஆமா, பிரியாணியும் இருக்கு. வர்றீகளா?"ன்னா.

அவ நகத்துல வெள்ளை வெள்ளையா கோடு விழுந்து வெடிச்சது. முடி மதுரை மருந்துலயே ஏற்கனவே கொட்டிப்போச்சு. அதுல ஒண்ணும் தெரிய வழியில்லை.

அடுத்த தடவை மதுரைக்குப் போனோம். ரத்தம் எடுத்தாங்க. குனிஞ்சு சோதிச்ச டாக்டரம்மா, வாடை பட்டதும் சட்டுன்னு நிமிந்தாங்க.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

பையிலேர்ந்து டப்பாவை எடுத்து வச்சா. செலினியம் மாத்திரை. திருப்பூர்ல இருக்குற அவ தம்பி அனுப்பினது. கேன்சர் செல்லை இது கொல்லுதுன்னு ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தான்.

"தினம் எத்தனை?"

"மொதல்ல ஒண்ணுதான் போட்டேன். கட்டி கேக்கலை. கூட்டிக்கிட்டேன்."

மலையில ஏலச்செடிக்கு மருந்து கலக்குறது அவ சோலி. பூச்சி கேக்கலைன்னா ஒரு மூடி கூட ஊத்துவா. எஸ்டேட்டுல எல்லாருக்கும் அதான் பழக்கம்.

டாக்டரம்மா சத்தம் போடலை. "வீடியோ முழுப்பொய் இல்லை. ஆய்வுக்கூடத்துல கண்ணாடித் தட்டுல வளர்த்த கேன்சர் செல்லுல சில செலினியம் மருந்தைப் போட்டா, உள்ளே நச்சு ஏறும். தாங்க முடியாம அந்தச் செல் தன்னைத்தானே அழிச்சுக்கும். ஆனா உடம்பு தட்டு இல்லைம்மா. அந்த அளவு போனா நல்ல செல்லும் சாகும். பூண்டு வாடை, நகம் வெடிச்சது எல்லாம் இந்த மாத்திரை கூடிப்போனதாலதான், ஈரலும் கெட்டிருக்கு. அது தேறுற வரைக்கும் மருந்து ஏத்த முடியாது."

"தட்டுல செத்துச்சா இல்லையா, தாயீ?"

"செத்துச்சு."

"அப்ப கட்டி சாகுற சாமான்தான்."

டாக்டரம்மா டப்பாவை எடுத்து மேசைக்குள்ள வச்சுப் பூட்டினாங்க.

பஸ்சு ஆண்டிபட்டி தாண்டுச்சு. "எனக்கு மருந்தை நிறுத்திட்டாக. இது நிக்குமா?"ன்னு கட்டியைத் தொட்டுக் கேட்டா.

இப்ப தினமும் காலையில சுவரைப் பார்த்துத் திரும்பி உக்காந்து தடவிப் பார்க்குறா. பெருசாயிருக்கான்னு நான் கேக்குறதில்லை. "எஸ்டேட்டு ஜீப்பு வந்துரும், வெரசா கெளம்புங்க"ன்னு மட்டும் சொல்றா.