நிரை பிடித்துத் தேடியவர்கள்

ஏலத்தோட்டத்தில் காயெடுக்க வரும் பெண்கள் உடை மாற்றாமல் ஜீப்பில் ஏறமாட்டார்கள். பகல் முழுவதும் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையும் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவுமாகச் செடியின் காலடியில் குந்தியிருப்பவர்கள், வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் கால் கழுவி, பையில் மடித்து வைத்த நல்ல புடவையைக் கட்டி, தலை சீவிக்கொண்ட பிறகுதான் எல்லை தாண்டிப் போடிக்கு இறங்குவார்கள். ஆகவே அந்த ஓணம் விடுமுறையில், ஜீப் புறப்பட்டுச் சற்று நேரம் கழித்து, கொட்டகை ஆணியில் ஒரு பை தொங்குவதையும் அதற்குள் மடிப்புக் கலையாத ஊதாப் புடவை இருப்பதையும் பார்த்தபோது, ஒருத்தி மலை இறங்கவில்லை என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.

அப்பா அந்தத் தோட்டத்தின் சூப்பர்வைசர். உடும்பஞ்சோலைப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்து வீட்டில்தான் நான் வளர்ந்தேன். முதுகலை இலக்கியம் படிக்கப் பாலக்காட்டுக்குப் போன பிறகு விடுமுறைக்கு மட்டும் வருகிறேன். பையைக் காட்டியதும் அப்பா சிரித்தார்.

"காலைல பதினாலு பேரு வந்தாக. பதினாலு தலைய எண்ணித்தான் ஏத்திவிட்டேன்."

"புடவை மாத்தாம எப்படிப்பா போவாக?"

"மறந்துட்டுப் போயிருப்பா. அந்தப் புதுப்பிள்ளையோடதா இருக்கும்."

விடுப்பெடுத்த ஒருத்திக்குப் பதிலாக அன்று முதன்முறையாக வந்தவள் அவள். காலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது நான் கவனித்திருந்தேன். என் வயதுதான் இருக்கும். இறங்கியவள் வந்த சாலையை இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் வாசலில்தான் நின்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியாதவர்களிடம் நானாகப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாம் முறை அழைத்தபோதுதான் டிரைவரின் கைப்பேசி கிடைத்தது. ஜீப் செக்போஸ்ட்டில் நின்றிருந்தது. அப்பாவின் முகம் மாறியதிலிருந்தே விடை தெரிந்துவிட்டது. பதினான்காவது தலை, தங்கையைப் பார்க்கப் போடிக்குப் புறப்பட்ட, தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் ஓர் அக்காவினுடையது. புதியவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருப்பாள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். கணக்கு சரியாக இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி ஐந்து. மூடுபனி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. மழையும் அட்டையும் உள்ள காட்டில், சட்டை நனைந்த ஒரு பெண் விடியும்வரை தாங்கமாட்டாள்.

அடுத்த அரை மணி நேரத்தை வீணாக்கியவள் நான். விடுதியில் இரவல் வாங்கித் துப்பறியும் கதைகளை வாசிப்பவள் என்பதால், அவள் சாலையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு கதையையே கட்டிவிட்டேன். யாரோ அவளைப் பின்தொடர்கிறான். அவளை இழுத்துச் சென்றிருக்கிறான். ஏலச்செடியின் காய்ச் சரங்கள் மண்ணோடு படர்ந்து கிடக்கும். தோட்டத்தில் பழகியவர்கள் அவற்றை மிதிக்கமாட்டார்கள். அவள் வேலை பார்த்த இடத்துக்கு மேலே, மிதிபட்ட சரங்கள் வரிசையாகத் தென்பட்டன. நான் அப்பாவை அவற்றின் வழியே மேலே அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு மிதியையும் சுட்டிக்காட்டி விளக்கினேன். என் வாழ்நாளில் அப்பாவிடம் அவ்வளவு பேசியதில்லை. உச்சியில் மண் கிளறப்பட்டுக் கிழங்குகள் சிதறிக் கிடந்தன. அப்பா குனிந்து பார்த்தார்.

"இம்புட்டு நேரமா பன்னிக்குப் பின்னால வந்திருக்கோம், தாயி."

அவர் கோபப்படவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கீழே, திரும்பி வந்த ஜீப்பின் ஓசை கேட்டது. டிரைவர் மட்டும் வருவார் என்றே நினைத்திருந்தேன். பதினான்கு பெண்களும் இறங்கினார்கள். வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டியவர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் காத்திருப்பவர்கள். நல்ல புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, அதன்மேல் ஈரப் படுதாவை மறுபடியும் சுற்றிக்கொண்டார்கள்.

"என் தலையத்தான எண்ணுனாக, நான்தான் முன்னால போவேன்" என்று லயத்து அக்கா அழுதுகொண்டே இறங்கினாள்.

"அழுகாச்சிய அப்பறம் வச்சுக்க. நிரை பிடிங்கடி!" என்றார் அவர்களுள் மூத்த பெண்.

காயெடுக்கும்போது எப்படி ஆளுக்கொரு வரிசைச் செடிகளை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நகர்வார்களோ, அப்படியே அணிவகுத்துச் சரிவில் இறங்கினார்கள். ஒரு செடி விடுபடவில்லை. பனியில் ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாதபோதும், பக்கத்து வரிசையின் குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசி வரிசையை எனக்குத் தந்தார்கள். தேடப்படுபவளின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தியும் தன் வயதுக்கேற்ப ஓர் உறவை எடுத்துக்கொண்டாள். "தங்கச்சி!" "மதினி!" "ஏ மகளே!" எனக்கு எதுவும் வாயில் வரவில்லை. ஓடைக்கு அருகில் வந்தபோதுதான், நானே எதிர்பாராத உரத்த குரலில், "இன்னைக்குப் புதுசா வந்த அக்கா!" என்று கூப்பிட்டேன்.

"இங்கனக்குள்ள…" என்று மெலிந்த ஒரு குரல் கேட்டது.

கடைசிச் செடியையும் தாண்டி, ஓடைக்கரையில் மழைநீர் தேங்க வெட்டிய பழைய குழிக்குள் கணுக்கால் பிசகிக் கிடந்தாள். கால் முழுக்க அட்டை. கூப்பிட்ட குரல்களை முன்பே கேட்டாளாம். தன்னை அறிந்தவர் யாரும் அங்கே இல்லாததால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

"இங்கிட்டு எதுக்குடி வந்த?" என்று மூத்த பெண் கேட்டார்.

"ஒதுங்க எடம் தேடி வந்தேன்க்கா."

"நம்ம எடம் அந்தா, கொட்டகைக்கு மேல பெரிய பாறைக்குப் பின்னாடி. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல?"

"வெக்கமா இருந்துச்சு."

"நல்ல வெக்கம்டி! இன்னுங் கொஞ்சம் வெக்கப்பட்டிருந்தா மூணாறுக்கே போயிருப்ப."

குழிக்குள் இருந்தவளும் சிரித்தாள்; சிரிப்பு அழுகையாக மாறியது. காலையில் ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தாய் என்று, துப்பறிந்தவளின் கடைசி ஆசையாக, நான் கேட்டேன். திரும்பிப் போகும் வழியை மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் என்றாள்.

நான்கு பேர் படுதாவில் வைத்து அவளைத் தூக்கிவந்தார்கள். ஜீப்பில் மூன்று பேரின் மடியில் அவளை நீட்டிப் படுக்கவைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை வாசலில் நின்று, ஜீப்பிலிருந்து இறங்கிய மூத்த பெண்ணிடம், இரவெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தும், "ரொம்ப நன்றிக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"எங்க பிள்ளைய நாங்க தேடுனதுக்கு நீ எதுக்குத்தா நன்றி சொல்ற?"

முந்தைய இரவு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதுதான் அந்தப் பிள்ளையின் பெயரே அவருக்குத் தெரியவந்தது என்பதைப் பிறகு அறிந்தேன்.

"பேசவே மாட்டா, பேசுனா நன்றிங்குறா" என்று இன்னொருத்தி சிரித்தாள். "வா, அந்தப் பாறைய நீயும் பாத்துக்க. நாளப்பின்ன புதுசா எவளாச்சும் வந்தா நீ சொல்லலாம்ல?"

நான் அவர்களோடு நடந்தேன். அதன் பிறகு வந்த விடுமுறைகளில் இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதலாமவளிடம் சொல்லும்போது என் நாக்குக் குழறியது. மூன்றாமவள் நான் வாய் திறக்கும் முன்பே, "எங்கக்கா ஒதுங்குறது?" என்று கேட்டாள். இருவரும் பாறைவரை பேசிக்கொண்டே போனோம்.