வாய் கெட்ட வானம்பாடி

கோவ் பாவ்லின் பெரியப்பா கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், அவர் பாலத்தைக் கடக்கும்வரை ஹாய் ஆறு ஓடாமல் நிற்கும். சூரியன் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் நின்று அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மேலே வரும். தியான்ஜின் நகரத்தின் பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் அவர் முன்னால் குப்புற விழுந்து கிடந்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னது மட்டும் நிஜம். அவர் பொதுக் குளியலகத்தில் முதுகு அழுக்கு தேய்க்கிறவர்.

அந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. நாள் முழுக்க முதுகுகளோடுதான் பேச்சு. முதுகு பதில் சொல்லாது. சொன்னாலும் "இன்னும் கொஞ்சம் மேல" என்பதைத் தாண்டாது. வீட்டிலும் ஆள் கிடையாது. மனித முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு இருந்த ஒரே இடம், விடியற்காலையில் ஆற்றங்கரை மரத்தடி. ஒருபக்கம் அக்காமார்கள் விசிறி வைத்து ஆடுவார்கள், இன்னொரு பக்கம் ஒருவர் பின்பக்கமாகவே நடந்து குப்பைத்தொட்டியில் இடிப்பார். நடுவில் வானம்பாடி வளர்ப்பவர்கள், ஏதோ நீதிமன்றம் நடத்துகிற மாதிரி, கூண்டுகளை வரிசையாக வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

நீதிபதி தாவ் தாத்தா. சட்டம் இதுதான்: வானம்பாடி பதின்மூன்று குரல்களை வரிசை பிசகாமல் பாட வேண்டும். சிட்டுக்குருவிச் சண்டை, முட்டையிட்ட கோழி, பூனை, தண்ணீர்வண்டிச் சக்கரம் நாய்மேல் ஏறும் சத்தம், இப்படி. நாய்மேல் வண்டி ஏறினால் அது சங்கீதம். பட்டியலில் இல்லாத வேறு எதைப் பாடினாலும் அந்தப் பறவைக்கு 'வாய் கெட்டுவிட்டது'. மற்ற பறவைகளும் கேட்டுக் கெட்டுப்போகும் என்பதால் பறவை, ஆள் இரண்டுமே அன்றைக்கே வெளியே. பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அத்தையின் ஜியான்பிங் என்ற முட்டைத் தோசைக் கடையிலிருந்து காலைப் பலகாரத்தைப் பேட்டரி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது என் உத்தியோகம். மரத்தடியில் என் பெயர் பட்டாணி. விசிறி ஆட்டத்து ஸ்பீக்கரில் நான் சாவுமேளம் போட்டுவிட்டதையும், அக்காமார்கள் பாதிப் பாட்டுவரை அதற்கும் ஆடியதையும் அங்கே யாரும் மறக்கவில்லை.

சித்திரை வெயில் ஆரம்பித்த சமயம், ஒருநாள் பலகாரத்தோடு கோவ் பெரியப்பாவின் பக்கத்தில் நின்றேன். அவருடைய வானம்பாடி பூனையை முடித்துவிட்டு, ஸ்கூட்டர் திருட்டு அலாரம் மாதிரி அலறியது. உடனே பெரியப்பா இருமினார். இருமல் என்றால், அடுத்த மாவட்டத்துக்கே காசநோய் வரும் இருமல்.

"பாவ்லின், நுரையீரலை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வரக்கூடாதா?" என்றார் தாவ் தாத்தா.

"நேத்து மீன் முள்ளு, தாத்தா."

அவர் முகம் தோஃபு நிறத்தில் இருந்தது. குஞ்சிலிருந்து வளர்த்த பறவை. கீழ்வீட்டு வண்டிகளிடம் பாடம் படித்துவிட்டது. தாத்தாவுக்குத் தெரிந்தால் இனி முதுகுகள்தான் கதி.

மறுநாளிலிருந்து என் வண்டியை அவர் கூண்டுக்குப் பின்னாலேயே நிறுத்தினேன். சாவி பாக்கெட்டில். பறவை அலாரத்துக்கு வாயைத் திறந்தால் நான் சாவிப் பொத்தானை அமுக்கி வண்டியை அலற வைப்பேன்.

"பட்டாணி, அந்தச் சனியனை ஆத்துல தள்ளுடா."

"தண்ணிக்குள்ளயும் கத்தும், தாத்தா. நல்ல கம்பெனி."

இதில் என் வேலை இருப்பது கோவ் பெரியப்பாவுக்குத் தெரியாது. வானத்தின் கருணை என்று நினைத்தாரோ என்னவோ, என் ஸ்கூட்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டத் தொடங்கினார்.

ஒருநாள் இரவு சார்ஜ் போட மறந்துவிட்டேன். காலையில் பலகாரப் பையோடு நடந்தே போனேன். தாவ் தாத்தா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் பறவை குருவி, கோழி, பூனை எல்லாம் பாடியது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி அலாரம் அடித்தது. பெரியப்பாவின் இருமல் பிந்திவிட்டது.

தாத்தா கண்ணைத் திறந்தார். "வண்டி எங்க?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். வண்டி இல்லை. ஒவ்வொரு தலையாகக் கூண்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. பெரியப்பாவின் கை மூடுதுணியைத் தேடியது, கிடைக்கவில்லை.

நான் வாயைத் திறந்து அலாரம் மாதிரியே கத்தினேன். தலைகள் என் பக்கம் திரும்பின. இன்னொரு தடவையும் கத்தினேன்.

"நான்தான் தாத்தா. இத்தனை நாளும் நான்தான். வண்டி பாவம், ஊமை."

"எதுக்குடா இந்த வேலை?"

"உங்க மூஞ்சி போற போக்கைப் பார்க்கத்தான்."

அவர் செருப்பைக் கழற்றினார். "பாலத்துக்கு இந்தப் பக்கம் உன் நிழல் விழுந்தா காலை ஒடிப்பேன்."

"இவனையும் ஒரு துணியைப் போட்டு மூடுங்கப்பா" என்றார் குப்பைத்தொட்டியில் இடிப்பவர். கோவ் பெரியப்பா கூண்டை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி, தப்பித்தார் என்று நினைத்தபடி நான் ஓடினேன்.

மறுநாள் விடியும்போது அத்தை கடை வரிசையில் அவர் நின்றார். எல்லோரையும் போல வீட்டிலிருந்தே முட்டை கொண்டுவந்திருந்தார். கூண்டு இல்லை. அத்தை முட்டையை வாங்கி மாவின்மேல் உடைத்தாள்.

"பறவை எங்க பெரியப்பா?"

"நேத்து சாயங்காலமே தாவ் தாத்தாகிட்ட இறகு உதிர்ற காலம்னு சொல்லி வீட்டுல வெச்சுட்டேன். 'அந்தப் பட்டாணியால உன் பறவை கெட்டிருக்கும்'னு அவர் என்கிட்ட மன்னிப்பே கேட்டார். வெறுங்கையோட வந்தாலும் உக்காருன்னுட்டார்."

"நல்லதாப் போச்சு. என்னை மட்டும் தொரத்திட்டாங்க."

"நீ நேத்து நல்லா கத்தினே."

"கைவந்த கலை, பெரியப்பா."

"இப்ப வரும்போது உன் வண்டிச் சக்கரத்துக்கு ஒரு உதை விட்டேன். கத்துச்சு. கடைசியில ரெண்டு தடவை 'பீப் பீப்'னு முடிக்குது."

"எல்லா வண்டியும் அப்படித்தான்."

"என் பறவைக்கு அந்த பீப் வரவே வராது. அந்த இடத்துல ஒரு விக்கல் விடும்."

நான் ஜியான்பிங்குக்குக் காரம் தடவுவதில் மும்முரமானேன்.

"நீயும் விக்கல் விட்டேடா, பட்டாணி."