நகராத அம்மி

அனந்தபத்மநாபன் விழுந்தது ஏணியிலிருந்து. ஏணியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் எடை நூறு கிலோவுக்குச் சற்றுதான் குறைவு.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நயினார் பிள்ளையின் குடைக்கடையில் அவர் கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் கூட்டம். மேல்தட்டுக் குடைக்கட்டை எடுக்க ஆள் இல்லை என்று தானே ஏறினார். கட்டும் அவரும் சேர்ந்தே இறங்கினார்கள். வலது தொடை எலும்பு முறிந்தது. அதைவிட மோசம், பில் போடுகிற அனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அரிசிச்சாக்கு விழுந்த சத்தம்" என்று அவன் சொன்னது, ஆம்புலன்ஸ் வருவதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. அன்றிலிருந்து கடையில் அவர் பெயர் சாக்கு.

எலும்புக்குள் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஹோம் நர்ஸாக என்னைக் கூப்பிட்டார்கள். வீடு கரமனை அக்ரகாரத்தில். கல்யாணம் ஆகாத மனிதர், வயது நாற்பதை நெருங்குகிறது. கூட இருப்பது அம்மா சரஸ்வதியம்மாள் மட்டும். அடுக்களை அந்த அம்மாள் எல்லை, கட்டில் என் எல்லை. இரண்டு பேரும் தாண்டவில்லை. அதனால் சண்டையும் வரவில்லை.

ஆகஸ்டிலேயே எலும்பு கூடிவிட்டது. கைத்தடி ஊன்றிக் குளியலறை வரை போவார், வருவார். வாசல்படி தாண்டச் சொன்னால் மட்டும் கால் வலிக்கும். எந்த இடத்தில் என்று கேட்டால் காட்டத் தெரியாது. பலரைப் பார்த்தவள் நான். அந்த வலிக்கு மாத்திரை கிடையாது.

பகலெல்லாம் அவர் கையில் ஒரு விளையாட்டுப் பெட்டி. பஹ்ரைனில் இருக்கும் தங்கை வாலாம்பாள், அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்தனுப்பியது. உள்ளங்கையளவு திரை, நான்கு பக்கமும் அம்புக்குறி போட்ட பட்டன். அதற்குள் விதவிதமான விசித்திர மிருகங்கள். ஒன்றைப் பிடித்து வளர்த்து, இன்னொருவர் பெட்டியோடு ஒயரால் இணைத்து மோதவிட வேண்டும். சேவற்சண்டைதான், ரத்தம் மட்டும் இல்லை.

அவர் வளர்த்த மிருகத்துக்கு அம்மி என்று பெயர் வைத்திருந்தார். ஆமை ஓடு, காண்டாமிருகத்தின் கழுத்து, கால் இருக்கிறதா என்று தேட வேண்டிய உடம்பு. முதல் தடவை பார்த்தபோது என் மனதில் பட்டதை நான் சொல்லவில்லை. நோயாளியிடம் என்னென்ன சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அம்மிக்கு நான்கு வித்தைகள் தெரியும். திரையில் மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலே இருப்பவை ஓட்டுக்குள் ஒடுங்குவதும், தூங்கிக் காயம் ஆற்றிக்கொள்வதும். கீழே இருப்பவை விஷம் வைப்பதும், முட்டுவதும். சண்டை தொடங்கியதும் எதிரிக்கு ஒரு சொட்டு விஷம் வைக்கும். பிறகு ஒடுங்கும், தூங்கும், மறுபடி ஒடுங்கும். எதிரி அடித்து அடித்து, விஷம் ஏறி, தானே விழ வேண்டும்.

"இதுல உங்க அம்மி என்னதான் சார் செய்யுது?" என்று கேட்டேன்.

"பொறுமையா இருக்கு, சிஸ்டர்."

"நீங்களும்தான் இருக்கீங்க. வாசல் வரைக்கும் எழும்பி வாங்க."

அவர் போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் நயினார் பிள்ளை அனிலிடம் ஆரஞ்சுப்பழம் கொடுத்து விசாரித்து வரச் சொன்னார். வந்தவன் பழத்தை மேசையில் வைத்தான், பெட்டியைப் பார்த்தான், தன் பையிலிருந்து அதேபோல் ஒன்றை எடுத்தான். அவனும் அந்தப் பைத்தியம்தான். அவனுடைய மிருகம் ஒரு பருந்து. மின்னலாக வந்து அடிக்கும். அம்மியைப் பார்த்ததும் அவன் சிரித்த சிரிப்பில் சரஸ்வதியம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"எந்தா சேட்டா இது? குடோன் சாக்குக்கு மூஞ்சி வரைஞ்சதா?"

"மோதிப் பாரு, தெரியும்."

"இதோட மோதினா எனக்கு உறக்கம் வரும். ஞாயித்துக்கிழமை கிழக்கே கோட்டையில ஜிபின் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில போட்டி வச்சிருக்கார். ஆளுக்கு ஒரு மிருகம். அங்க வாங்க. ஆனா மாடி ஏறணும், கேட்டோ." போகிறபோது வாசலில் நின்று, "மொதலாளி சொல்லச் சொன்னார். அரை வருஷக் கணக்கு அப்படியே கிடக்கு. அடுத்த வாரம் வரலேன்னா வேற ஆள் பார்ப்பாராம்" என்றான்.

அன்று அனந்தபத்மநாபன் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பளத்தை மட்டும் விடவில்லை. சாப்பிட்டு எழுந்து அம்மாவிடம் தீர்மானமாகச் சொன்னார்.

"போட்டிக்குப் போறேன். அவனை ஜெயிச்சா திங்கக்கிழமை கடைக்குப் போவேன். தோத்தா வித்துராவுக்குப் போறேன். மாமாவோட பலசரக்குக் கடையில உக்காந்துக்கலாம். நான் ஏணியிலேந்து விழுந்தது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது."

"வித்துராவா? அங்கே மழை பெஞ்சா அட்டை கடிக்கும்டா."

"கடிக்கட்டும். அட்டை பேர் வச்சுக் கூப்பிடாது."

"அப்போ நான்?"

"நீயும்தான் வரணும்."

ஐம்பது வருஷமாக அந்தத் தெருவைவிட்டு நகராதவள் சரஸ்வதியம்மாள். அடுக்களைக்குள் போனாள்.

அனில் சிரித்தது இவரை உள்ளுக்குள் அறுத்துவிட்டது. அம்மி வேண்டாம், வேகமான மிருகம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். பெட்டிக்குள் காட்டுப்பூனை ஒன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி சனிக்கிழமை முழுக்க வளர்த்தால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறிவிடும் என்று கணக்குப் போட்டார். கணக்குப்பிள்ளை, காலண்டரைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை துர்க்காஷ்டமி. சாயங்காலம் நான் அவரைக் குளிப்பாட்டி அழைத்து வந்தபோது கட்டிலில் பெட்டி இல்லை. பூஜை அறையில் பட்டுத்துணி விரித்து, ராமாயணம், அவருடைய பழைய கணக்குப் புத்தகங்கள், மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெட்டி. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், பக்கத்தில் ஒரு செம்பருத்திப்பூ.

"அம்மா, என் பெட்டி!"

"பூஜை வச்சாச்சு."

"அது விளையாட்டு சாமான்ம்மா."

"நாலு மாசமா உன் கையில வேற என்ன இருந்தது? பேனா எடுத்தியா, வாளி எடுத்தியா? கையில எது இருக்கோ அதுதான் ஆயுதம். ஆயுதத்தை வைக்கணும்."

"ஞாயித்துக்கிழமை போட்டி."

"ஞாயித்துக்கிழமைதான் விஜயதசமி. கார்த்தால எடுத்துக்கோ. அதுவரைக்கும் தொடப்படாது."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க எடுக்கலாமே. சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு தோஷம் கிடையாதே."

"தோஷம் கிடையாது சார். ஆனா நாளைக்குக் காப்பி எனக்கு அவங்கதானே தரணும்."

பூஜை வைத்த வீட்டில் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. செய்தித்தாள்கூடக் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அவர் உத்தரத்துக் கட்டைகளை எண்ணி முடித்துவிட்டார். பதினோரு மணிக்குக் கைத்தடியை எடுத்தார். தெருக்கோடியில் ஆறு தெரிகிற இடம் வரை போய் வந்தார். சாயங்காலமும் போனார். கால் வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூஜை எடுத்தார்கள். அவர் விஜயதசமி வழக்கப்படி பச்சரிசியில் விரலால் எழுதிவிட்டுப் பெட்டிக்குக் கை நீட்டினார். சரஸ்வதியம்மாள் "இரு" என்று சொல்லி, புதிதாகச் சந்தனம் அரைத்து அள்ளி வந்து மறுபடி வைத்தாள். மூலையில் இடம் இல்லாததால் பட்டன் மேல் வைத்தாள். கொஞ்சமாக வைத்தால் பிள்ளை கொஞ்சமாகத்தான் ஜெயிப்பான் என்று நினைத்திருக்க வேண்டும். நான் பஞ்சால் துடைத்தேன். மேலே இருந்தது வந்துவிட்டது. இடுக்கில் போனதை நான் பார்க்கவில்லை.

காட்டுப்பூனை வளராமலே கிடந்தது. வேறு வழியில்லாமல் அம்மியே போட்டிக்குப் போயிற்று.

கம்ப்யூட்டர் கடை மாடியில், செங்குத்தான படி. "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல" என்று கீழே நின்று சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னதுதான். அன்று செய்தார். மேலே கல்லூரிப் பையன்கள் நிறைந்திருந்தார்கள். வேஷ்டி கட்டிய ஒரே போட்டியாளர் இவர்.

முதல் சுற்றில் அம்மி விஷம் வைத்தது, ஒடுங்கியது, தூங்கியது. எதிரே இருந்த பையன் டீ வாங்கிவரச் சொன்னான். டீ வந்து, குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அவன் மிருகம் விழுந்தது. இரண்டாம் சுற்றும் அப்படியே. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கொட்டாவி விட்டான், இன்னொருவன் தொற்றிக்கொண்டான். நடுவர் ஜிபின் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் நேரத்துக்கு வரம்பு வைக்க அவர் மறந்திருந்தார்.

கடைசிச் சுற்றில் எதிரே அனில் உட்கார்ந்தான். ஒயரை மாட்டினார்கள்.

பருந்து முதல் அடி கொடுத்தது. இவர் விஷம் வைக்கக் கீழ் அம்பை அழுத்தினார். நகரவில்லை. இன்னும் அழுத்தினார். விரல்நுனி வெளுத்தது.

"சிஸ்டர்," என்றார் மெதுவாக, "கீழ்ப் பட்டன் இறங்கலை."

குனிந்து பார்த்தேன். முதல் இரண்டு சுற்றிலும் ஈரமாக இருந்த சந்தனம் இடுக்கில் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினேன். ஜிபின் கையை நீட்டித் தடுத்தார். "ஆட்டம் நடக்கும்போது வேற ஆள் தொடக்கூடாது அம்மா."

ஆக விஷமும் இல்லை, முட்டலும் இல்லை. மேலே இருக்கிற இரண்டு மட்டும்: ஒடுங்கு, தூங்கு. அவர் நெற்றியில் வேர்வை இறங்கியது. வித்துரா கண்ணில் தெரிந்திருக்கும், அட்டையோடு.

"எந்தா சேட்டா, அடிக்கலையா?" என்றான் அனில்.

"அவசரம் என்ன?" என்றார் அனந்தபத்மநாபன். குரல் நடுங்கவில்லை. அதற்கு நான் மதிப்பெண் கொடுத்தேன்.

பருந்து அடித்தது, அம்மி ஒடுங்கியது. பருந்து இன்னும் பலமாக அடித்தது, அம்மி தூங்கியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அந்த அம்மி இல்லை. பார்ப்பவர்கள் "அடிங்க சாரே" என்று கத்தத் தொடங்கினார்கள். இவர் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் என்று நினைத்தேன். கிட்டே போய்க் கேட்டால், இருப்புக் கணக்கு.

அந்த விளையாட்டில் எந்த வித்தைக்கும் அளவு உண்டு. மருந்துச் சீட்டு மாதிரி, இத்தனை வேளைதான். பலமான வித்தைக்கு வேளை குறைவு, சாதாரண வித்தைக்கு அதிகம். அனிலுக்குப் பலமானதுதான் பிடிக்கும். நான்கும் அப்படிப்பட்டவை. ஒடுங்குவதும் தூங்குவதும் யாருக்கும் வேண்டாத வித்தைகள், அதனால் இவரிடம் ஏராளம். அனில் செலவழித்ததை இவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

"மின்னல் தீர்ந்துடுத்து," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. கொஞ்ச நேரம் கழித்து, "நகமும் ஆச்சு."

அனில் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தான். அவன் பட்டனை அழுத்தினான். திரையில் அவனுக்கு ஒரு வித்தையும் பாக்கி இல்லை. வித்தை தீர்ந்த மிருகம் வெறும் தலையால் முட்டும். முட்டினால் காயம் முக்கால்வாசி முட்டியதற்குத்தான். பருந்து வந்து ஓட்டில் மோதியது. அம்மி தூங்கியது. பருந்து மறுபடி மோதியது. அம்மி ஒடுங்கியது. ஒரு விரல்கூட இவர் அதன் மேல் வைக்கவில்லை. அதுவே மோதி மோதித் தள்ளாடி, இறக்கையை மடக்கி விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. என்ன நடந்தது என்று புரிய அவர்களுக்கு நேரம் பிடித்தது. அனில் பெட்டியைக் கீழே வைத்தான். இவரைப் பார்த்தான், திரையில் அம்மியைப் பார்த்தான்.

"சேட்டா, இது சண்டையே இல்ல. ஹர்த்தால்."

கூட்டம் அப்போதுதான் சிரித்தது. அவரும் சிரித்தார். உட்கார்ந்திருந்த ஸ்டூல் குலுங்கியது. நான் ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு எலும்பு முறிவுக்கு எனக்கு நேரம் இல்லை.

இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் வந்தது. அனில் மறுபக்கம் முழங்கையைப் பிடித்திருந்தான்.

"நாளைக்குக் கடைக்கு வருவீங்களா சேட்டா?"

"வரேன். ஏணியில மட்டும் நீ ஏறு."

"ஏறறேன். விழுந்தா எனக்கு என்ன பேரு வைப்பீங்க?"

"விழு, பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டில் சரஸ்வதியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, சந்தனம் பட்டனை அடைச்சுப் போட்டுது. பாதி உயிர் போயிட்டு."

"பின்னே? எதுக்கு வச்சேன்னு நினைச்சே?" என்றாள். அடுக்களையில் அன்று பாயசம். வித்துராவுக்குக் கட்டுவதற்காக இறக்கி வைத்திருந்த டிரங்குப் பெட்டி மறுபடி பரணுக்குப் போயிருந்தது. யாரைப் பிடித்து ஏற்றினாள் என்று தெரியவில்லை.

ராத்திரி அந்தப் பட்டனை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்து கொடுத்தேன். அது என் கடைசி வேலை. திங்கட்கிழமை காலையில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு என் பையோடு அவருடனேயே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கிழக்கே கோட்டை பஸ் வந்தது. கண்டக்டர் மணிக்கயிற்றில் கையை வைத்தபடி, "வேகம் கேறு சாரே, வேகம்" என்றார். உள்ளே இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பின்னால் நின்ற ஆட்டோ ஹார்ன் அடித்தது.

அனந்தபத்மநாபன் கம்பியைப் பிடித்தார். நல்ல காலை மேலே வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு மற்றக் காலை எடுத்தார். அதுவரை பஸ் காத்து நின்றது. வேறென்ன செய்யும்?