என் சைக்கிளுக்கு ஒரு சாட்சி

நனைந்த செம்மறி ஆட்டின் வாடை ஒரு தடவை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. பழைய கம்பளியும் புளித்த மோரும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடையை நான் அரை மணி நேரம் முழுசாக அனுபவித்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஐப்பசி மாதத்து மழைநாளில், சங்கரன்கோவிலுக்கு இரண்டு மைல் தெற்கே சாலையோரத்து வயல்கிணற்று "மோட்டார் ரூம்" ஒன்றின் தாழ்வாரத்தில். அப்போது எனக்குப் பதினேழு வயது. பாளையங்கோட்டையிலிருந்து தன்னந்தனியாகச் சைக்கிளில் திருச்சி வரை போய்த் திரும்புவது என்று கிளம்பி, முதல் நாளே மழையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

தன்னந்தனியாக என்பது வீட்டுக்குத் தெரியாது. நாலு பேராகப் போவதாகத்தான் திட்டம். முந்தின நாள் சாயங்காலம் திரண்ட மேகத்தைப் பார்த்துவிட்டு மற்ற மூன்று பேரும் கழன்றுகொண்டார்கள். நான் அதை அம்மாவிடம் மூச்சு விடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மா விடியற்காலையில் என்னை முழங்காலில் நிறுத்தி, நாலு பேர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபம் பண்ணினாள். இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் சேர்த்து வழித்துணை கேட்ட அந்த ஜெபத்துக்கு நான் சத்தமாகவே "ஆமென்" சொன்னேன்.

ஜெபம் முடிந்த கையோடு புத்திமதி. "வெளுத்ததெல்லாம் பால் இல்ல, கேட்டியா. வழியில எவன் எது குடுத்தாலும் வாயில வைக்காத. வண்டிய விட்டு இறங்குனா பூட்டு. வலிய வந்து பேசுதவன்ட்ட ஒண்ணுக்கு ரெண்டா சூதானமா இரி." அப்பா இல்லாத வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவள் அவள். சந்தேகப்படுவதை எங்கள் வீட்டில் யாரும் குறையாக நினைத்ததில்லை, கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைத்தோம். பால்காரர் அளந்து ஊற்றும்போது படியின் அடி நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வேலை ஏழு வயதிலிருந்தே என்னுடையது.

பனவடலிசத்திரம் தாண்டும்போது தூறலாக இருந்தது, போகப் போக அடைமழையாகிவிட்டது. அந்த மோட்டார் ரூமின் தாழ்வாரத்தில் இருபது முப்பது ஆடுகளும், கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு மனிதரும் ஒதுங்கி நின்றார்கள். எருவுக்காக வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எனக்கு அந்தக் கண்ணே பிடிக்கவில்லை.

"ஏலே மக்கா, ஏன் நனையுத? இங்கன வா. வண்டியயும் கொண்டா" என்றார்.

கரிசல் மண்ணில் இறக்கினால் சேறு மட்கார்டில் அப்பிக்கொள்ளும் என்று சாக்குச் சொல்லி, வண்டியைச் சாலையோரத்துப் புளியமரத்தில் சாத்திவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கப் பின்சக்கரத்து வளையப்பூட்டைப் பூட்டினேன். பூட்டிக்கொண்டதா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்த்தேன்.

"இந்த மழையில எவன் வரப்போறான்னு பூட்டுத?"

"பழக்கம் அண்ணாச்சி."

எந்த ஊர் என்று கேட்டார். பக்கத்து ஊர்தான் என்றேன். தனியாகவா வருகிறாய் என்றார். பின்னால் மூன்று பேர் வருகிறார்கள் என்றேன். அவர் ஆளில்லாத சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. பிறகு மடியை அவிழ்த்து வறுத்த மொச்சை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். மயக்கமருந்து கொடுத்து உருவிக்கொண்டு போகிற கதைகளை அம்மா வாரம் ஒன்றாகச் சொல்லி வளர்த்திருந்தாள். இரண்டை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து, எல்லாவற்றையும் நைசாகக் கால்சட்டைப் பையில் தள்ளிவிட்டேன். சைக்கிள் சாவியும் அந்தப் பையில்தான் கிடந்தது.

மழை சற்று விட்டதும் கிளம்பினேன். சாலையை ஒட்டிய ஓடையில் கலங்கல் தண்ணீர் புரண்டு ஓடியது. அவர் ஆடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில், பைக்குள் கையை விட்டு மொச்சையை மொத்தமாக அள்ளித் தண்ணீரில் எறிந்தேன். புளியமரத்தடிக்கு வந்து சாவியைத் தேடியபோதுதான் எதை எறிந்தேன் என்று விளங்கியது. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித் துழாவினேன். "என்னலே தேடுத?" என்று அங்கிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். என் கையால் நானே எறிந்தேன் என்று தெரிந்திருந்தும், இந்த மனிதர்தான் ஏதோ பண்ணிவிட்டார் என்று மனசுக்குள் ஒரு குரல் அடம்பிடித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

பூட்டிய பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, முன்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி இரண்டு மைல் நடந்தேன். ஊர் தொடங்குகிற இடத்தில் விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருமுனையில் சைக்கிள் கடை இருந்தது. பூட்டை உடைத்துத் தரும்படி கேட்டேன். கடைக்காரர் என்னையும் தொங்கிக்கொண்டிருந்த சக்கரத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிளைத் திருடுகிறவன் உருட்ட முடியாமல் இப்படித்தான் தூக்கிக்கொண்டு வருவான் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். போன வாரம்தான் சந்தையில் இரண்டு வண்டி காணாமல் போயிருந்ததாம்.

"சாவி எங்கடே?"

"ஓடையில விழுந்துட்டு."

"எப்படி விழுந்துச்சு?"

வண்டி வாங்கிய ரசீது கேட்டார். பழைய வண்டி, ரசீது கிடையாது. கடைசியாக, "பின் டியூப்ல எத்தன ஒட்டு இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். தன் வண்டிக்கு எத்தனை பஞ்சர் ஒட்டியிருக்கிறது என்று தெரியாத சைக்கிள்காரன் அந்தக் காலத்தில் கிடையாது. நான் ஒட்டியது இரண்டு. இரண்டு என்றேன். அவர் டயரை நெம்பி டியூபை உருவி எண்ணினார். பழைய சொந்தக்காரர் ஒட்டியதையும் சேர்த்து ஐந்து இருந்தது.

மழைக்கு ஒதுங்கியிருந்த தறிக்காரர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஸ்டேஷன்ல கொண்டு விட்ருவோம், அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டும்" என்றார். வண்டி போய்விடும் என்ற பயத்தைவிட, நாலு பேருக்காக ஜெபித்த அம்மா ஒற்றை ஆளாக நிற்கும் என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் வந்து பார்ப்பாளே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அழுதுவிட்டேன்.

அப்போதுதான் சாலையில் ஆடுகள் வந்தன. ஊருக்கு வடக்கே ஒரு வயலில் அன்றைக்குக் கிடை போடுவதற்காக அந்தக் கம்பளிக்காரர் அந்த வழியாக வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வண்டி இவனுதுதான் வே. விடுங்க" என்றார்.

"உமக்கு இவனத் தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

"தெரியாது. எந்த ஊருன்னு கேட்டதுக்குப் பொய் சொன்னான். பின்னால மூணு பேர் வாரான்னான், அதுவும் பொய்."

மணிக்கட்டில் பிடி இறுகியது.

"ஆனா வண்டி இவனுதுதான். என் கண்ணு முன்னாலதான் பூட்டுனான், ரெண்டு மட்டம் இழுத்தும் பாத்தான். நான் தூக்கிட்டுப் போயிருவேன்னு அர மணி நேரமும் என்னையும் வண்டியயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு நின்னான். மழைய ஒரு மட்டம்கூடப் பாக்கல. களவாண்ட பொருளுக்கு எவன் வே இப்படிக் காவல் நிப்பான்?" பிறகு சொன்னார்: "சாவிய மொச்சையோட சேத்து ஓடையில எறிஞ்சான். அதையும் பாத்தேன்."

ஏன் எறிந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. ஆட்டுக்கு எத்தனை குட்டி என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். கடைக்காரர் உளியை எடுத்து இரண்டே அடியில் பூட்டைத் தெறிக்கவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது ஆடுகள் தெருவைத் தாண்டியிருந்தன. ஓடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் கால் எழவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அதன்பிறகு எட்டு நாள் பூட்டில்லாத வண்டியில் திருச்சி வரை போய் வந்தேன். அதை யாரும் தொடவில்லை. ஊருக்குள் நுழையுமுன் புதுப்பூட்டு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். நாலு பேரும் பத்திரமாக வந்ததற்கு அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள்.

இப்போது அந்தச் சாலையில் காரில் போகிறேன். கிடை ஆடுகள் எப்போதாவதுதான் கண்ணில் படுகின்றன, டியூபில் ஒட்டு எண்ணிப் பார்க்கிற கடை எங்கும் இல்லை. போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் கேன் போடுகிறவரைக் கீழே கேட்டருகே நிறுத்திவைத்திருந்தார்கள். முதல் மாடியில் ஒரு வீட்டு வாசலில் வைத்த பார்சலைக் காணோமாம். அவர் கேனை இறக்கிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். கீழே போய்ச் சொல்லலாம் என்று செருப்பைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

செருப்பு எப்போதும்போல் என் வீட்டு வாசலில்தான் கிடந்தது.